எறிகிறவனுக்கும் ஒரு பாட்டு

எங்கள் அணியின் பந்துவீச்சைப் பற்றி யாரும் என்னிடம் ஆறுதல் பேச வர வேண்டாம். எனக்குக் கெட்ட கோபம் வரும். ஊர்ப் பெயரைச் சேர்த்து இமபாரி பருந்துகள் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பருந்தாம்! எங்கள் துறைமுகத்தில் மீன் திருடுகிற பருந்துகூடக் குறி தவறாமல் இறங்கும். இவர்கள் எறிகிற பந்து எங்கே போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. பேஸ்பாலில் நான்கு பந்து அகலமாகப் போனால் மட்டைக்காரன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நடந்துபோய் முதல் தளத்தில் நின்றுகொள்ளலாம். அந்த வருஷம் எங்கள் மைதானத்துக்கு வந்த வெளியூர் அணிகள் ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம்.

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு ஓச்சி தோமியேதான் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து ஓச்சி குடும்பம் இருப்பதால் எல்லாரும் அவரைத் தோமியே அக்கா என்றே கூப்பிடுவோம். துண்டு நெய்யும் ஆலையில் தறிப் பிரிவுக்கு மேஸ்திரி. பதினெட்டு வயதில், இன்னும் பாலம் கட்டாத காலத்தில், எதிரே இருக்கிற ஓஷிமா தீவிலிருந்து படகேறி வந்து வேலைக்குச் சேர்ந்தவர். தறிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலும் நாலு வரிசைக்குக் கேட்கும். கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போவார், இவர் டிரம் குச்சியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார். "எங்களுக்குள்ள சண்டையே வராது. லீவு நாள்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாத்தானே சண்டை வரும்" என்பார்.

என் பெயர் ஹிகாகி. ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்து இரும்புத் தட்டில் கோழித்தோல் சுட்டுக் கொடுக்கிறேன். ஆட்டம் இருக்கிற நாளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு டிரம்பெட் ஊதப் போய்விடுவேன். வலது பக்கக் கடைசிக் காலரியில் எங்கள் ஆதரவுக் கோஷ்டிக்கு இடம். ஐந்து டிரம்பெட், நாலு கொடி, ஒரு பெரிய டிரம். தலைவர் முராகாமி, சலூன்காரர். காலையெல்லாம் ஊரார் தலையைக் குனியவைப்பவர், மாலையில் அதே ஆட்களை எழுந்து நின்று கத்தவைப்பார்.

எங்கள் மட்டைக்காரன் ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. அவன் மட்டையோடு நடந்து வரும்போதே தோமியே அக்கா டிரம்மை ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஒரு தட்டிலேயே எங்களுக்கு யாருடைய பாட்டு, என்ன வேகம் என்று தெரிந்துவிடும். உதடு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். காலரி மொத்தமும் பாடும். ஆனால் எதிரணி மட்டை பிடிக்க வந்ததும் எங்கள் வாத்தியம் கப்சிப். அது அவர்கள் நேரம். அவர்களுடைய கோஷ்டி இடது காலரியில் இருந்து ஊதும், நாங்கள் உட்கார்ந்து பொரித்த மீன் வடை தின்போம், முதுகில் பீப்பாய் சுமந்து வருகிற பெண்ணிடம் பீர் வாங்குவோம். நாடு முழுக்க இதுதான் மரியாதை. மீறினால் மைதான அலுவலகம் கழுத்திலிருந்து அனுமதி அட்டையைக் கழற்றிவிடும். அட்டை போனால் வாத்தியம் போச்சு.

நல்ல அணிக்கு இந்த ஏற்பாடு சரிதான். மூன்று பேரை மளமளவென்று அவுட் ஆக்கிவிட்டால் வடை ஆறுவதற்குள் நம் நேரம் வந்துவிடும். எங்கள் நிலைமை அப்படியா? நாலு பந்து, நடை. நாலு பந்து, நடை. நடுவில் ஓர் அடி. வடை தீர்ந்து, பீர் சூடாகி, எதிராளியின் டிரம்பெட்காரனுக்கே உதடு வீங்கிப்போய்விடும். நாங்கள் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

தோமியே அக்காவுக்கு மட்டும் அது சும்மா இருக்கிற நேரம் இல்லை. திட்டுகிற நேரம்.

"நூலு எத்தன மெல்லிசு! அது என் தறியில நேராப் போகுது. உன் பந்துக்கு என்னடா கேடு?"

"அகலமாப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டா பஸ் டிரைவர் வேலைக்குப் போகக் கூடாதா? திருப்பத்துக்கு உதவுமே!"

முக்கியமாக யானோ என்ற பையன் வந்தால் அக்காவின் குரல் இரண்டு மடங்காகும். யானோ ஷூஹேய். மலைச்சரிவில் ஆரஞ்சு பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை. முதல் வீச்சாளன் அடிவாங்கி, இரண்டாமவனும் அடிவாங்கின பிறகு கடைசியாக இறக்கிவிடப்படுகிறவன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், பந்து காற்றைக் கிழிக்கிற சத்தம் காலரிக்குக் கேட்கும். ஆனால் நேராக வராது. அதுதான் அக்காவுக்குத் தாங்காது. கையாலாகாதவனைத் திட்டி என்ன பிரயோஜனம், கையில் சரக்கை வைத்துக்கொண்டு சிந்துகிறவனைத்தான் திட்ட வேண்டும் என்பது அவர் கட்சி.

மே மாதம் ஒரு நாள் யானோ வரிசையாக மூன்று பேரை நடக்கவிட்டான். அக்கா எழுந்து நின்று, "டேய் யானோ! உங்கம்மாவுக்குப் போன் போட்டு உனக்குக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லட்டுமாடா?" என்று ஒரு சத்தம் போட்டார். பக்கத்தில் டி.வி.க்காரர்கள் மைக் வைத்திருந்தார்கள். ஊரே கேட்டது. மறுநாள் அலுவலகத்திலிருந்து முராகாமியைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். அவர் அக்காவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, கோழித்தோலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தோமியே, இதான் கடைசித் தடவையாம். இன்னொரு வாட்டி ஏதாவது ஆச்சுன்னா உன் அட்டையக் கழட்டிடுவாங்க. டிரம் உன் கைய விட்டுப் போயிரும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அக்கா எதற்கும் முகம் மாறாத ஆள். அன்று மாறியது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் வெறும் ரசிகராக வந்து கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அப்போதைய டிரம்காரன் அரை நொடி பின்தங்கி அடிப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் படியேறி வந்து, "கை பிந்துது. குடு இங்க" என்று குச்சியைப் பிடுங்கினவர், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. தறி ஓட்டின கை, தாளம் இம்மி பிசகாது. வயதாகிவிட்டது, இன்னும் சில வருஷத்தில் ஆலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஓஷிமா வீட்டை விற்றாகிவிட்டது. தனக்கென்று மிச்சம் இருப்பது அந்த டிரம் மட்டும்தான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், அதையும் நாலு வரிசைக்குக் கேட்கிற குரலில்.

"சரி, வாயக் கட்டிக்கறேன்" என்றார் அன்று. மூன்று மாதம் கட்டிக்கொண்டும் இருந்தார். அதாவது, உட்கார்ந்தபடி திட்டினார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மத்தியான ஆட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழாவது இன்னிங்ஸுக்குள் எங்கள் வீச்சாளர்கள் ஐந்து பேர் வந்து அடிவாங்கிப் போய்விட்டார்கள். பதினான்குக்கு இரண்டு என்று பின்தங்கிக் கிடந்தோம். யானோ வந்தான். முதல் ஆளுக்கு நாலு பந்து, நடை. இரண்டாம் ஆளுக்கு நாலு பந்து, நடை. அடுத்த இரண்டு பேர் தாங்களாகவே ஆசைப்பட்டு அகலப் பந்துக்கு மட்டையை வீசி அவுட் ஆனார்கள். அப்புறம் இன்னொரு நடை. மூன்று தளத்திலும் ஆள். இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும், அது வருவதாக இல்லை. எதிர்க் காலரி பாடிக் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்தவனுக்கு மூன்று பந்து வரிசையாக அகலம். நாலாவது எப்படியோ நேராக விழுந்தது. அம்பயர் கையை உயர்த்தி ஸ்ட்ரைக் என்றார். அப்படி மூன்று விழுந்தால் மட்டைக்காரன் அவுட்.

எங்கள் காலரியில் கைதட்டல் எழுந்தது.

நல்ல கைதட்டல் இல்லை அது. நொண்டி ஒரு படி ஏறினால் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல். "ஆகா, ஒண்ணு விழுந்துருச்சுப்பா!" என்று ஒருவன் கத்தினான். "இன்னிக்கு விருந்து வைக்கணும்!" என்று இன்னொருவன். சிரிப்பு வரிசை வரிசையாக இறங்கிப் போனது. கீழே யானோ தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நின்றான்.  சத்தியமாக எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"எவன்டா அது தட்டறது?" என்று அக்கா திரும்பினார்.

"விடுக்கா. நீ திட்டாததையா அவங்க திட்டிட்டாங்க?" என்றேன்.

"திட்டறது வேற, கேலி பண்றது வேற! நம்ம ஆளுன்னாத்தான் திட்டுவோம். கேலி பண்றவன் அவன வெளியாளாக்கிட்டான்."

முராகாமி அவசரமாகக் கையை நீட்டினார். "தோமியே. உக்காரு. எதுவா இருந்தாலும் நம்ம நேரம் வரட்டும்."

"நம்ம நேரமா? அந்தப் பயலுக்கு எப்ப தலைவரே நேரம்? மட்டக்காரனுக்கு ஆளுக்கு ஒரு பாட்டு. எறியறவனுங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பாட்டு, அதுவும் மட்டை பிடிக்க வந்தாத்தான். இவன மட்டை பிடிக்க எப்பவாவது விட்டிருக்காங்களா? ரெண்டு வருஷமா இங்க நிக்கறான், அவன் பேருக்கு இந்த டிரம் ஒரு வாட்டி அதிர்ந்ததில்ல!"

அவர் சொன்னதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. நாலு பந்தில் ஓர் ஊரை அழவைக்கிற பையன், அவன் வேலை செய்கிற நேரம் முழுக்க அவன் காதில் விழுவது எதிராளியின் வாத்தியம் மட்டும்தான்.

யானோ காலைத் தூக்கப் போனான். அக்கா குச்சியை எடுத்து டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்.

அது வீச்சாளர் பாட்டின் தட்டு. இங்கேதான் எங்களுக்குப் புத்தி கெட்டது. கெட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, புத்திக்கு வேலையே வரவில்லை. பத்து வருஷமாக அந்தத் தட்டுக்கு ஊதிப் பழகின ஐந்து உதடும் தானாக எழுந்து ஊதிவிட்டன. மூன்றாவது அடி வரைக்கும் நான் ஊதிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கொடிக்காரர்கள் கொடியைச் சுழற்றிவிட்டார்கள். வாசல் வரை போன ரசிகர்கள் பையோடு திரும்பி நின்று, "போராடு, போராடு, யா-னோ!" என்று பாடிவிட்டார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் கேலியாகத் தட்டின அதே ஆட்கள்தான். வாத்தியம் கேட்டால் பாடு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

எதிர்க் கோஷ்டி ஊதுவதை நிறுத்திவிட்டது. இரண்டு டிரம் ஒரே நேரத்தில் கேட்டு யாருக்கும் பழக்கம் இல்லை. அம்பயர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். யானோ பந்து எறிகிற மேட்டில் நின்றபடி முழுசாகத் திரும்பி எங்கள் காலரியைப் பார்த்தான். தொப்பியை லேசாகப் பின்னால் தள்ளினான். முராகாமி, "நிறுத்துங்கடா! டேய், நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே, பழக்கதோஷத்தில் அவரும் தாளத்துக்குக் கை வீசிக்கொண்டிருந்தார்.

பாட்டு ஒரு சுற்று முடிந்துதான் நின்றது. அடுத்த பந்தை யானோ நேராகத்தான் எறிந்தான். அதை அந்த மட்டைக்காரன் அடித்த அடியில் பந்து வானத்துக்குப் போய், சுவரோரம் எங்கள் ஆளின் கையில் விழுந்தது. மூன்றாவது அவுட். அது யானோவின் சாமர்த்தியம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கடற்காற்று எதிரே அடித்தது. ஆட்டத்தில் தோற்றோம். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அக்காவையும் முராகாமியையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு நானும் போனேன். உள்ளே இருந்த அதிகாரி சின்ன வயசு, நல்ல மாதிரி. வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

"ஓச்சியம்மா, எதிரணிக் கோஷ்டிகூடப் பெருசா எடுத்துக்கல. இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டுடுங்க. இத்தோட விட்டுடறோம்."

முராகாமி அதற்குள் பாதி குனிந்துவிட்டார். நான் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு வார்த்தை. டிரம் மிஞ்சும்.

"என்னால சொல்ல முடியாதுங்க" என்றார் அக்கா.

"ஏம்மா?"

"மறுபடியும் அடிப்பேன். நம்ம ஆளுங்களே நம்ம பையனப் பாத்து அப்படிச் சிரிச்சா, நாளைக்கும் அடிப்பேன். அடிக்க மாட்டேன்னு உங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அதிகாரி முராகாமியைப் பார்த்தார். அக்கா அதற்குள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். வெளியே வந்ததும் டிரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியிறங்குகிறபோதுதான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதோ சொல்லப் போனேன். "வாய மூடு ஹிகாகி. வெயில்ல தலை சுத்துது, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

வீட்டோடு கிடப்பார் என்று நினைத்தோம். அடுத்த ஆட்டத்துக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, எங்களுக்கு நேர் கீழே, பழைய வரிசையில் உட்கார்ந்துவிட்டார். டிரம்மை முராகாமியே எடுத்து அடித்தார். சலூன்காரர் கை கத்தரிக்கோலுக்குப் பழகினது, டிரம்முக்கு இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் கீழேயிருந்து அக்கா தன் முழங்காலில் சரியான தாளத்தைத் தட்டிக் காட்டுவார். நாங்கள் தலைவர் கையைப் பார்ப்பதா, அக்கா முழங்காலைப் பார்ப்பதா என்று தெரியாமல் கண்டபடி ஊதினோம்.

அப்புறம் எங்கள் அணி பந்து வீசும் நேரம் வந்தது. வாத்தியங்களைக் கீழே வைத்தோம். வடைப் பொட்டலத்தைப் பிரித்தோம். யானோ கூட இல்லை, வேறு எவனோ ஒரு தடிப்பயல் வழக்கம்போல இரண்டு பேரை நடக்கவிட்டான். அக்கா எழுந்து நின்று கையைத் தட்ட ஆரம்பித்தார். வெறுங்கை. அதே வீச்சாளர் பாட்டின் தாளம். ஊழியன் ஒருவன் ஓடி வந்தான்.

"என்ன தம்பி? கைய எங்க கழட்டி வைக்கட்டும், சொல்லு" என்றார் அக்கா.

அவன் சட்டத்தை யோசித்துப் பார்த்தான். கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போய்விட்டான். அந்த ஆட்டத்தில் அக்கா தனியாகத் தட்டினார். அடுத்ததில் பக்கத்துச் சீட்டுக்காரர் சேர்ந்தார். செப்டம்பரில் காலரியில் பாதிப் பேர் வடையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். வீச்சு தேறியதா என்று கேட்காதீர்கள். கடைசி இடத்தில்தான் முடித்தோம். தட்டிக்கொண்டே தோற்றோம். நடுநடுவே அக்கா, "நேராப் போடுடா, பாவி!" என்று கத்துவதும் குறையவில்லை. கேலிக் கைதட்டல் மட்டும் எங்கள் பக்கத்தில் மறுபடி எழவே இல்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் முராகாமி என் கடைக்கு அக்காவை வரச் சொன்னார். ஷோச்சு சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"தோமியே, மார்ச்ல புது அட்டை போடறாங்க. நீ அந்தத் தம்பிகிட்ட வந்து தலையக் குனிஞ்சுட்டாப் போதும். பேசக்கூட வேணாம்."

"குனிய மாட்டேன்."

"அடி உன் பிடிவாதத்துல இடி விழ! எனக்குத் தோள்பட்டை போச்சு. ஊரே சிரிக்குது என் அடியக் கேட்டு."

"சிரிக்கத்தான் செய்யும். கேவலமா அடிக்கறீங்க." அக்கா ஒரு கோழித்தோலை எடுத்து மென்றார். பிறகு, "வரேன். ஆனா ஒண்ணு. எறியறவனுங்களுக்கும் ஆளுக்கு ஒரு பாட்டு போடணும். எல்லாருக்கும். யானோவுக்கும்" என்றார்.

"யானோவுக்கா? அவன் மட்டை பிடிக்கவே வர மாட்டானே. யாரு, எப்ப பாடறது அத?"

"பாடாட்டிப் போகுது. இருக்கணும். அவன் பேர்ல ஒரு பாட்டு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியணும்."

முராகாமி என்னைப் பார்த்தார். பாட்டுக் கட்டுகிறவன் நான்தான். "சரிக்கா" என்றேன். தலைவர் பெருமூச்சு விட்டுக் கோப்பையைக் காலி செய்தார்.

மார்ச்சில் அக்காவின் பெயரில் புது அட்டை வந்தது. என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முராகாமி தனியாக அலுவலகத்துக்குப் போய், அன்றைக்கு டிரம் அடிக்கச் சொன்னது நான்தான், தலைவன் சொன்னதை அவள் செய்தாள் என்று சொல்லி, மேஜையில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து நின்றாராம். அக்காவுக்குத் தெரிந்ததும் ஆலையிலிருந்து நேராகச் சலூனுக்குப் போய்விட்டார். பாதி முகச்சவரத்தில் ஓர் ஆள் நாற்காலியில் கிடந்தான்.

"யாரு உங்கள எனக்காகக் குனியச் சொன்னது?"

முராகாமி கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "என் முதுகு. நான் எங்க வேணாக் குனிவேன். நீ போய் டிரம் தோலை இறுக்கி வை, தொளதொளன்னு கெடக்குது."

அக்கா வந்த வழியே திரும்பினார். போய் இறுக்கி வைத்தார்.

யானோவுக்கு நான் கட்டின பாட்டு நாலே வரி. 'ஆரஞ்சு மலையில் பிறந்தவனே, காற்றைக் கிழித்து எறிபவனே, நேரா, நேரா, நேரா வா, யானோ, இங்கே நாங்க இருக்கோம்.' மூன்றாவது வரி அக்கா போட்டது. வாழ்த்துப் பாட்டில் புத்திமதி எதற்கு என்றேன். அது இல்லாவிட்டால் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். காலரியில் எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுத்து, மனப்பாடமும் ஆகிவிட்டது. பாடத்தான் வழி இல்லை.

வழியைச் செய்து கொடுத்தது எங்கள் பந்துவீச்சேதான். மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இருந்த வீச்சாளர் அத்தனை பேரும் அடிவாங்கி முடிந்து, எட்டாவது இன்னிங்ஸில் யானோ ஒருவன்தான் பாக்கி. அவனுக்குப் பதிலாக மட்டை பிடிக்க வேறு ஆளை அனுப்பினால் அவன் திரும்ப இறங்க முடியாது, அடுத்த இன்னிங்ஸில் பந்து எறிய நாதி இல்லை. ஆறு ரன் பின்னால் வேறு. கோச் தலையில் அடித்துக்கொண்டு அவன் கையிலேயே ஒரு மட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒலிபெருக்கியில் யானோ ஷூஹேய் என்று பெயர் வந்தது. அளவில்லாத ஹெல்மெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவனைப் போல அவன் நடந்து வந்தான். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் குச்சி இரண்டும் மேலே நின்றன. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கக் கை காலி இல்லை.

"ஊதுங்கடா, என்ன பாத்துட்டு நிக்கறீங்க!" என்று சத்தம் போட்டுவிட்டுத் தட்டினார்.

ஊதினோம். சட்டப்படி, எங்கள் நேரத்தில், அடைத்துக் கிடந்தது அத்தனையும் சேர்த்து ஊதினோம். காலரி எழுந்து நின்று நாலு வரியையும் பாடியது. மட்டையோடு நின்ற யானோ எங்கள் பக்கம் பார்த்தான், பிறகு எதிரே பார்த்தான். எதிரணி வீச்சாளன் எறிந்தான். நேராக வந்தது. ஸ்ட்ரைக். யானோ மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. பாட்டு இரண்டாம் சுற்றுக்கு வந்தது. இன்னொன்றும் நேர். அவன் அசையவில்லை. மூன்றாவதும் நட்ட நடுவில். அம்பயர் அவுட் என்று கையை மடக்கின பிறகும் அவன் நகராமல் அங்கேயே நின்றான். அடிக்கப் பயந்து நிற்கவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"பாத்தியாடா யானோ!" என்று தோமியே அக்கா டிரம்மை நிறுத்தாமலே கத்தினார். அன்றும் பக்கத்தில் டி.வி. மைக் இருந்தது. "நேராப் போடறதுன்னா இதாண்டா! இப்பவாவது பாத்துக்கிட்டியா!"

யானோ ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கள் காலரியைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தான். சிரித்துக்கொண்டுதான் குனிந்தான். அவுட் ஆனவனுக்குப் பாட்டு கிடையாது, அவன் பெஞ்சுக்குத் திரும்பும்போதே வாத்தியத்தை இறக்க வேண்டும் என்பது முறை. முராகாமி கையை உயர்த்தினார், நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொரு சுத்து" என்றார்.